ஓடுவோரின் ஆனந்தமும் அதற்கு முந்திக்கொண்ட பெயரும்

உடற்பயிற்சி முடிந்ததும் மனதில் ஏற்படும் தெம்புக்கு 'என்டோர்பின்' சுரப்பதே காரணம் என்று எழுதாத ஆரோக்கியப் பக்கம் பத்திரிகைகளில் அரிது. வெள்ளவத்தைக் கடலோரத்தில் அதிகாலையில் நடப்பவர்களும், ரொறன்ரோவில் பனிக்காலத்தில் அங்காடித் தொகுதிகளுக்குள் நடைபயிலும் நம்மவர்களும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். நான் கலைப்பீடத்தில் படித்தவன். இரசாயனம் எனது துறையன்று. ஆயினும் ஒரு விளக்கம் எவ்வாறு பிறந்து, எவ்வாறு மக்கள் வாய்க்கு வந்து சேர்ந்தது என்பது வரலாற்றுக்குரிய கேள்வி. இந்த விளக்கத்தின் வரலாறு சுவையானது; ஓரிடத்தில் துயரமானதும்கூட.

அபினும் மோர்பினும் ஒட்டிக்கொள்ளும் வாங்கிகள் மூளையில் இருப்பதை 1973 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கன்டஸ் பேர்ட் என்ற ஆய்வு மாணவியும் அவருடைய பேராசிரியர் சொலமன் ஸ்னைடரும் காட்டினர். பூட்டு இருக்குமானால், அதற்குரிய திறப்பு உடலுக்குள்ளேயே இருக்க வேண்டுமல்லவா? அந்தத் திறப்பை 1975 இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜோன் ஹியூஸ், ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸ் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். உடலுக்குள் ஊறும் மோர்பின் என்ற பொருளில் இவ்வகைப் பொருட்களுக்கு என்டோர்பின் என்ற பெயர் வழங்கலாயிற்று. (இதற்கான லாஸ்கர் விருது 1978 இல் மூவருக்கு வழங்கப்பட்டபோது மாணவியின் பெயர் அதில் இருக்கவில்லை. பேராசிரியர்களுக்குப் பெயர், மாணவர்களுக்கு வேலை என்ற நியதி நமது பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரியதன்று.)

அமெரிக்கா முழுவதும் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. 1972 இல் மியூனிக் ஒலிம்பிக் மரதனில் பிராங்க் ஷோர்ட்டர் தங்கம் வென்றார். 1977 இல் ஜிம் ஃபிக்ஸ் எழுதிய ஓட்டப் பயிற்சி நூல் பெருந்தொகையில் விற்பனையாயிற்று. நெடுந்தூரம் ஓடுபவர்கள் ஒருவகைப் பரவசத்தை உணர்வதாகக் கூறினர். புதிதாகக் கண்டறியப்பட்ட பொருளும், விளக்கம் தேடி நின்ற பரவசமும் ஒரே காலத்தில் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஓட்டத்தின் பின் இரத்தத்தில் என்டோர்பின் கூடுவது 1980களின் தொடக்கத்தில் அளந்து காட்டப்பட்டதும் விடயம் முடிந்ததென்றே பலரும் எண்ணினர்.

ஆனால் இரத்தம் வேறு, மூளை வேறு. இரண்டுக்கும் இடையில் இயற்கை இறுக்கமான தடுப்பொன்றை வைத்திருக்கிறது. என்டோர்பின் உருவில் பெரிய மூலக்கூறு. இரத்தத்திலுள்ள என்டோர்பின் அந்தத் தடுப்பை எளிதில் கடக்காது. அப்படியாயின் இரத்தத்தில் அளந்ததைக் கொண்டு மூளையில் தோன்றும் பரவசத்தை எவ்வாறு விளக்குவது? இக்கேள்வி அறிஞர் சிலரை உறுத்திக்கொண்டிருந்தது. பத்திரிகைகளை உறுத்தவில்லை.

அதற்கான மறுமொழி முற்றிலும் வேறொரு திசையிலிருந்து வந்தது. அபினிலிருந்து மோர்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது. கஞ்சாவோ பிடிகொடுக்கவில்லை. 1839 இல் கல்கத்தாவில் வில்லியம் ஓஷோனஸி என்ற மருத்துவர் அதன் மருத்துவப் பயன்களை எழுதி மேலைநாட்டாருக்கு அறிமுகம் செய்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும், மயக்கந்தரும் பொருள் எதுவென்பது திட்டமாகத் தெரியாதிருந்தது. பல்கேரியாவில் பிறந்து இஸ்ரேலில் குடியேறிய ரபாயேல் மெக்கூலம் என்ற இளம் இரசாயனவியலாளர் இதனைக் கையிலெடுத்தார். கடத்தற்காரரிடமிருந்து கைப்பற்றிய ஐந்து கிலோ ஹஷீஷைப் பொலிஸாரிடம் பெற்று, பையில் வைத்துப் பொது பஸ்ஸிலேயே ரெஹோவோத் நகரிலுள்ள வைஸ்மன் நிறுவனத்துக்குக் கொண்டுவந்தாராம். பஸ்ஸில் இருந்தவர்கள் இது என்ன வாசனை என்று மூக்கைச் சுளித்ததைப் பிற்காலத்தில் அவரே சிரித்தபடி சொல்வதுண்டு. சுகாதார அமைச்சின் அனுமதி பெறாமல் கொடுத்த பொலிஸாரும் வாங்கிய அவரும் சட்டத்தை மீறியிருந்தனர் என்பது பின்னர்தான் தெரியவந்தது. 1964 இல் அவரும் யெஹியேல் கவோனியும் ரி.எச்.சி. என்ற அந்தப் பொருளைத் தூயதாகப் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டனர்.

அடுத்து, பழைய பூட்டு-திறப்புக் கதை மீண்டும் நிகழ்ந்தது. 1988 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் அலின் ஹவுலெட்டும் அவருடைய மாணவர் வில்லியம் டெவேனும் கஞ்சாப்பொருள் ஒட்டும் வாங்கியை எலியின் மூளையில் கண்டனர். டெவேன் ஜெருசலேமுக்குச் சென்று மெக்கூலத்தின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். 1992 இல் அவர்களும் லுமிர் ஹனுஷும் பிறரும் பன்றியின் மூளையிலிருந்து, மிருகங்களின் உடலே ஆக்கிக்கொள்ளும் அந்தத் திறப்பைப் பிரித்தெடுத்தனர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் ஆனந்தமைட். ஆம், நமது நாவில் புழங்கும் 'ஆனந்தம்' என்ற அதே வடசொல்தான். இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பெயர் தேடும் இரசாயன உலகில் இது அபூர்வம்.

ஆனந்தமைட் கொழுப்புத் தன்மையுடையது. எனவே மூளையின் தடுப்பு அதற்குப் பெரிய தடையன்று. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் கணத்தில் உண்டாகிச் சற்று நேரத்தில் சிதைந்துவிடும். கஞ்சா புகைப்பதையும் ஓடுவதையும் சமன்படுத்திப் பேசுவோர் கவனிக்க வேண்டியது இது. ரி.எச்.சி. மூளையெங்கும் ஒரேயடியாகப் பாய்கிறது. உடலின் சொந்தப் பொருள் குறித்த இடத்தில் மட்டும் வேலை செய்துவிட்டு மறைகிறது.

2003 இல் அமெரிக்காவில் பிலிப் ஸ்பார்லிங், ஆர்ன் டீட்ரிச் முதலியோர் 24 மாணவர்களை ஆராய்ந்தனர். 50 நிமிடம் மிதமான வேகத்தில் ஓடியவர்களிடத்தும் சைக்கிள் மிதித்தவர்களிடத்தும் ஆனந்தமைட் கூடியிருந்தது. 2012 இல் டேவிட் ரைக்லன் குழுவினர் மனிதரையும் நாய்களையும், கீரியைப் போன்ற உடலமைப்புள்ள ஃபெரட் என்ற பிராணியையும் ஓடவிட்டனர். மனிதரிலும் நாயிலும் ஆனந்தமைட் உயர்ந்தது. நெடுந்தூரம் ஓடிப் பழகாத ஃபெரட்டில் உயரவில்லை. 2015 இல் ஜெர்மனியில் யோஹானஸ் ஃபுஸ் குழுவினர் சுண்டெலிகளில் இருவகை வாங்கிகளையும் தனித்தனியே அடைத்துப் பார்த்தனர். அபின் வாங்கியை அடைத்தபோதும் ஓட்டத்தின் பின் எலிகளின் பதற்றம் தணிந்தது. கஞ்சா வாங்கியை அடைத்தபோது தணியவில்லை. 2021 இல் 63 மனிதரிலும் அபின் வாங்கியை மருந்தால் அடைத்து ஓடவிட்டனர். பரவசம் குன்றவில்லை.

என்டோர்பின் கதை முற்றாகப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. 2008 இல் ஜெர்மனியில் பத்து ஓட்டக்காரரின் மூளையை இரண்டு மணி நேர ஓட்டத்தின் பின் படம்பிடித்தபோது, மூளைக்குள்ளேயே அபின் வகைப் பொருள் வெளிப்பட்டதற்கான அறிகுறி தெரிந்தது. அந்தப் பங்கு எவ்வளவு என்பதே வழக்கு.

மூளையின் நலத்தைப் பொறுத்தவரை, ஓடும் சுண்டெலிகளின் ஹிப்போகம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் புதிய நரம்புக் கலங்கள் பெருகுவதை 1999 இல் ஹென்றியெட் வான் பிராக் காட்டினார். எலிகளில் கஞ்சா வாங்கியை அடைத்தால் பயிற்சியால் வரும் அப்பெருக்கம் நின்றுவிடுவது 2010 இல் தெரியவந்தது. 2011 இல் முதியோர் 120 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களின் ஹிப்போகம்பஸ் ஏறத்தாழ 2 சதவீதம் பெருத்திருந்தது. பின்வந்த எல்லா ஆய்வுகளும் அதே அளவைக் காட்டவில்லை.

மனிதரில் கஞ்சா வாங்கியையே அடைத்து ஓடவிட்டால் வழக்கு தீர்ந்துவிடுமே என்று வாசகர் கேட்கலாம். அதற்குரிய மருந்து ஒன்று இருந்தது. ரிமொனபன்ட் என்ற பெயரில், பசியைக் குறைத்து உடல் மெலியச் செய்யும் மருந்தாக 2006 இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அமெரிக்க நிபுணர் குழு 2007 இல் அதனை ஏற்க மறுத்தது. அந்த வாங்கியை அடைத்தவர்களுக்குப் பசி மட்டும் குறையவில்லை. வாழ்வில் இருந்த பிடிப்பும் குறைந்தது. மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் பதிவாகின. 2008 ஒக்டோபரில் ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் விற்பனையை நிறுத்தும்படி பரிந்துரைத்தனர். மெக்கூலம் 2023 மார்ச்சில் தமது 92ஆவது வயதில் காலமானார். சுண்டெலிகளில் செய்த அந்தக் கடைசிச் சோதனையை மனிதரில் செய்ய ஆய்வாளர் தயங்குவது அந்த மருந்தின் கதையால்தான்.