கட்டளையும் மனச்சான்றும்
ஒரு மருத்துவக் கப்பலின் வரலாறு

போர் மனிதனின் உயிரையும் உடைமையையும் பறிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. "இது என் செயல், இதற்கு நானே பொறுப்பு" என்று சொல்லும் நேர்மையையும் அது பறித்துவிடுவது எளிதில் புலப்படுவதில்லை. "மேலிடத்துக் கட்டளை, நான் என்ன செய்ய முடியும்?" என்ற ஒரே சொல்லின் நிழலில் எத்தனையோ கொடுமைகள் ஒதுங்கி நின்றிருக்கின்றன. அந்தச் சொல்லை ஏற்க மறுத்த தீர்ப்பு ஒன்று வரலாற்றில் உண்டு. அத்தீர்ப்புக்குக் காரணமாக அமைந்தது 'லாண்டோவரி காசில்' என்னும் நீராவிக் கப்பல்.

வேல்ஸ் நாட்டுக் கோட்டையொன்றின் பெயரைத் தாங்கிய அக்கப்பல் கிளாஸ்கோ நகரில் யூனியன் காசில் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு, 1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பணிக்கு வந்தது. ஏறத்தாழ 11,400 டன் கொள்ளளவு உடையது. இலண்டனுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் செல்வதற்கென அமைந்தது. அவ்வாண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது. 1916-இல் அது மருத்துவக் கப்பலாக மாற்றப்பட்டுக் கனடா நாட்டுப் படையினரின் பயனுக்கு ஒதுக்கப்பட்டது. பயணிகள் உறங்கிய இடங்களில் நோயாளிகளுக்கென 600-க்கும் மேற்பட்ட படுக்கைகள் அமைந்தன.

மருத்துவக் கப்பலுக்குப் படைக்கலம் கிடையாது. அடையாளமே அதன் காவல். 1907-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை அத்தகைய கப்பலைத் தாக்கலாகாது என்று விதித்தது. ஐயம் எழுந்தால் எதிரி அதை நிறுத்திச் சோதனையிடலாம், மூழ்கடிக்கக் கூடாது. வெண்ணிற உடலும், பச்சைப் பட்டையும், பெரிய செஞ்சிலுவைகளும், இரவில் அவற்றை ஒளிரச் செய்யும் விளக்குகளும் 'இங்கே காயமுற்றோர் இருக்கின்றனர்' என்று தொலைவிலிருந்தே அறிவித்தன.

1918 ஜூன் மாதம். காயமுற்ற வீரர்களைக் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, கப்பல் லிவர்பூல் நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. நோயாளிகள் எவரும் அப்போது அதில் இல்லை. கப்பல் பணியாளர் 164 பேர், கனடா மருத்துவப் படையினர் 80 பேர், செவிலியர் 14 பேர் என 258 பேர் இருந்தனர். 27-ஆம் நாள் இரவு, அயர்லாந்தின் தென்மேற்கே, யூ-86 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் எச்சரிக்கை ஏதுமின்றி அதைத் தாக்கியது. சுமார் பத்து நிமிடங்களில் கப்பல் மூழ்கிற்று.

செவிலியர் பதினால்வரும் ஒரே படகில் இருந்தனர். கப்பலோடு பிணைத்திருந்த கயிறுகளை அறுக்க முயன்றபோது கோடரிகள் முறிந்தன. படகு, மூழ்கும் கப்பலின் பின்புறச் சுழலை நோக்கி இழுக்கப்பட்டது. நாம் பிழைக்க வழியுண்டா என்று தலைமைச் செவிலி மார்கரெட் ஃபிரேசர் கேட்டதாகவும், செவிலியர் ஒருவரும் அலறவோ முறையிடவோ இல்லை என்றும், அப்படகிலிருந்து உயிர் தப்பிய படைவீரர் பின்னர் தெரிவித்தார். படகு கவிழ்ந்தது. பதினால்வரில் ஒருவரும் மீளவில்லை.

இதுவரை நடந்ததே பெருங்குற்றம். அதைவிடப் பெரிய குற்றம் இனித்தான் நிகழவிருந்தது. நீர்மூழ்கியின் தலைவன் ஹெல்முட் பட்சிக், கப்பலில் அமெரிக்க விமானப் படை அதிகாரிகள் இருந்தனர் என்று சொல்லி, தப்பியவர்களை அழைத்து விசாரித்தான். அப்படி எவரும் இல்லை என்பது தெளிவாயிற்று. அதன்பின் மாலுமிகளைக் கீழே அனுப்பிவிட்டு, மேல்தளத்தில் தன்னுடன் லுட்விக் டித்மார், ஜான் போல்ட் என்னும் இரண்டு அதிகாரிகளையும் பீரங்கி வீரன் ஒருவனையும் மட்டும் நிறுத்திக்கொண்டான். குற்றத்துக்குச் சாட்சி இருக்கலாகாது என்று, உயிர்காப்புப் படகுகளின் மீது பீரங்கி முழங்கிற்று. கப்பல் தலைவர் இருந்த ஒரு படகு மட்டும் இருளில் தப்பியது. அதிலிருந்த 24 பேர் ஏறத்தாழ ஒன்றரை நாளுக்குப் பின் பிரிட்டானியப் போர்க்கப்பலொன்றால் மீட்கப்பட்டனர். 234 பேர் மாண்டனர்.

பட்சிக் தன் நாட்குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. வரைபடத்தில் பொய்யான பாதையைக் குறித்தான். மனஞ்சோர்ந்திருந்த மாலுமிகளை மறுநாள் அழைத்து, வாய் திறவாதிருக்கும்படி வேண்டினான். நடந்ததற்குக் கடவுள் முன்னும் தன் மனச்சான்றின் முன்னும் தானே பொறுப்பு என்றும் கூறினான். பிறர் மனச்சான்றின் சுமையையும் தானே சுமந்துவிடலாம் என்று அவன் எண்ணினான் போலும்.

செய்தி பரவியதும் கனடாவில் துயரம் சினமாயிற்று. 1918 ஆகஸ்ட் 8-ஆம் நாள் ஆமியான் போரில், 'லாண்டோவரி காசில்' என்பதையே போர் முழக்கமாகக் கொள்ளுமாறு ஒரு கனடியப் படைப்பிரிவுக்குச் சொல்லப்பட்டது. காயங்களைக் கட்டிய கப்பலின் பெயர் காயப்படுத்துவோரின் முழக்கமாயிற்று. மாண்ட செவிலியருக்கு இதைவிடப் பொருந்தாத நினைவுச் சின்னம் வேறு இருக்க முடியாது.

அவர்களுக்குரிய நீதி 1921 ஜூலையில், அதுவும் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலேயே தொடங்கிற்று. பட்சிக் அகப்படவில்லை. டித்மார், போல்ட் இருவர் மீதும் ஜெர்மானிய அரசே வழக்குத் தொடுத்தது. தலைவனுக்குக் கொடுத்த வாக்கைக் காட்டி இருவரும் அவ்விரவைப் பற்றிப் பேச மறுத்தனர். ஆயினும் உச்ச நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. படகில் தவிக்கும் நிராயுதபாணிகளைக் கொல்லலாகாது என்பது எவரும் அறிந்த எளிய விதி. கட்டளை சட்டத்துக்கு முரணானது என அறிந்தும் நிறைவேற்றுபவன் குற்றத்திலிருந்து தப்ப முடியாது. அவர்கள் பணிய மறுத்திருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். நீர்மூழ்கியொன்றில் தலைவனை மறுப்பது எத்துணை அரிது என்பதையும் நீதிபதிகள் உணர்ந்தே இருந்தனர். அதனால் தண்டனையைக் குறைத்தனர், குற்றத்தைக் குறைக்கவில்லை.

இருவருக்கும் நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சில திங்களுக்குள் இருவரும் ஆதரவாளர் துணையோடு சிறையினின்று தப்பினர். பட்சிக் தண்டனை ஏதுமின்றி, இரண்டாம் உலகப் போரில் மீண்டும் கடற்படையில் பணியாற்றினான். தீர்ப்பு தோற்றுவிட்டது என்றே அன்று பலர் எண்ணினர். ஆனால் 1945-இல், 'பெலியஸ்' என்ற கப்பலில் உயிர் தப்பியவர்களைச் சுட்டுக் கொன்ற மற்றொரு நீர்மூழ்கியின் அதிகாரிகள் ஹாம்பர்கில் விசாரிக்கப்பட்டபோது, லைப்சிக் தீர்ப்பு எடுத்துக்காட்டப்பட்டது. 'கட்டளைக்குப் பணிந்தேன்' என்ற வாதம் அங்கும் நிற்கவில்லை.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், போரில் இழைக்கப்படும் கொடுமைகளைக் குறித்துப் பேசுகையில், குருட்டுக் கீழ்ப்படிதல் எவரையும் குற்றமற்றவராக்காது என்றும், தீய கட்டளைகளை அஞ்சாது எதிர்ப்போர் பெரும் பாராட்டுக்குரியோர் என்றும் கற்பித்தது. கீழ்ப்படிதலை நற்பண்பாகப் போற்றும் நமக்கு இது ஆழ்ந்து எண்ணற்பாலது. கட்டளைகள் படைமுகாமில் மட்டும் பிறப்பதில்லை. அலுவலகத்திலும், ஊர்க் கூட்டத்திலும், குடும்பத்திலும் பிறக்கின்றன. பொய்க் கணக்கில் கையொப்பமிடச் சொல்வோரும், எளியவனை ஒதுக்கி வைக்கச் சொல்வோரும், 'பொறுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றே சொல்கின்றனர்.

அந்த இரவில் மேல்தளத்தில் நின்றவர்கள் நால்வர். கட்டளையிட்டவன் ஒருவன், அதை மறுத்திருக்கக் கூடியவர் மூவர். அம்மூவருள் ஒருவரேனும் 'முடியாது' என்று சொல்லியிருந்தால், படகுகளில் இருந்தவர்கள் விடியலைக் கண்டிருக்கக் கூடும்.