ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம்: இரவுப் பணியும் பெண்கள் பாதுகாப்பும்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பெண்களை மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை ஆலைகளில் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றது. இரவு ஆபத்தானது, எனவே பெண் வீட்டில் இருக்கட்டும் என்பதே இதன் அடிப்படை. ஆபத்தை உண்டாக்குபவரைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தத் தடையை அரசியலமைப்புக்கு முரணானது எனக் கூறி நீக்கியது. அதே தீர்ப்பில் ஆலை நிர்வாகங்களுக்குக் கடமைகளையும் விதித்தது. இரவுப் பணியில் பெண்கள் பத்துப் பேருக்குக் குறையாத குழுக்களாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து வந்து திரும்ப வாகனம் தர வேண்டும். ஷிப்ட் மாறும்போது இடையில் 12 மணி நேர ஓய்வு வேண்டும். பாலியல் தொல்லையைத் தடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வகுத்த நெறிமுறைகள் இதற்கு முன்னோடி.

தீர்ப்பின் முழு எடை தெரிந்தது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில்தான். 2006-இல் இங்கு உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையில் இளம் பெண்களே மிகுதி. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பேருந்துகளில் வந்து, ஷிப்ட் முறையில் வேலை செய்தனர். 2014-இல் அந்த ஆலை மூடப்பட்டது. பின்னர் வளர்ந்த கைப்பேசி ஆலைகளிலும் இதே நிலைதான். வெளி மாவட்டப் பெண்கள் விடுதிகளில் தங்கினர்.

2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பணிக்காகச் செல்லும்போது முதலாளி ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் 'பணியிடம்' என்றது; ஒப்பந்தத் தொழிலாளரையும் உள்ளடக்கியது. விடுதிக்குத் தனிச்சட்டம் வந்தது: பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு உரிமம் தேவை என 2014-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது.

ஆனாலும் விடுதிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி தீரவில்லை. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றனர். தோழிகளின் நிலை தெரியாத பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். இது பாலியல் வன்முறை அல்ல. என்றாலும் ஆலைக்கு வெளியே அவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை என்பதை இதுவே நாட்டுக்குக் காட்டியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது.

2013 சட்டப்படி, சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். உரிய காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருக்கும் பெண்ணுக்கு இது குறுகிய காலமே. முதலாளி மீதே புகார் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். காவல் நிலையத்தில் புகார் அளிக்கும் உரிமை இதனால் குறைவதில்லை. 181 மகளிர் உதவி எண்ணும் உண்டு.