மணமுறிவும் சொத்துரிமையும்: தமிழகத்து இந்துப் பெண்களின் சட்ட வரலாறு (1929–2005)

முன்னுரை

துன்பம் மிகுந்த மணவாழ்விலும் பெண்கள் நீடித்திருந்தமைக்குப் பொறுமை, கற்பு, ஊர்ப்பழி ஆகியன காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. வெளியேறும் பெண் எங்கே தங்குவாள், எதைக்கொண்டு வாழ்வாள் என்ற வினா அவற்றினும் அடிப்படையானது. மணமுறிவுரிமையும் சொத்துரிமையும் சட்டத்தில் பிரிந்து வந்தமை அவளை எவ்வாறு கட்டுப்படுத்தியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மணமுறிவுரிமை

பல சாதிகளில் மணமுறிவு வழக்காறாகவே இருந்துவந்தது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் அவ்வழக்காற்றை ஏற்றது. அவ்வழக்காறு இல்லாத குடும்பத்துப் பெண்களுக்கே சட்டத்தின் துணை தேவைப்பட்டது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, மணமுறிவுரிமையையும் சம சொத்துரிமையையும் சேர்த்தே கோரியது. சட்டமோ இரண்டையும் தனித்தனியே, தவணை முறையில் வழங்கியது.

1946ஆம் ஆண்டுச் சட்டம், கணவனின் கொடுமை, மறுமணம் போன்ற காரணங்களால் மனைவி தனித்து வாழவும் சீவனாம்சம் பெறவும் இடமளித்தது; மணத்தை முறிக்க இடமளிக்கவில்லை. 1949ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் இருதார மணத்தைத் தடுத்து, மணமுறிவுக்கும் வழிவகுத்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொடுமையும் கைவிடலும் நீதிமுறைப் பிரிவுக்கு மட்டுமே நேரடிக் காரணங்களாயின. அவை மணமுறிவுக்குக் காரணங்களானதும், இருவர் ஒப்புதலால் முறிவு பெற வழி பிறந்ததும் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான்.

பிறந்தகத்தில் உரிமை

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, கணவனால் கைவிடப்பட்ட அல்லது பிரிந்துவந்த மகளுக்குக் குடும்ப வீட்டில் தங்கும் உரிமையை அளித்தது. ஆனால் ஆண் வாரிசுகள் பாகம் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை அவள் அவ்வீட்டைப் பிரித்துத் தருமாறு கேட்க இயலாது. உடன்பிறந்தோர் வீட்டில் அவள் ஒண்டியிருப்பவளாகவே வாழவேண்டியிருந்தது.

1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்குண்டு என்றது. எனினும் 1989 மார்ச் 25க்கு முன் மணமானவர்களை அது விலக்கியது. அன்று மணவாழ்வில் இருந்து, வெளியேறத் துணை தேடிய பெண்களுக்கு அப்பங்கு கிட்டவில்லை. இவ்விலக்கையும் 23ஆம் பிரிவையும் 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமே நீக்கியது.

முடிவுரை

செங்கல்பட்டில் ஒருசேரக் கேட்கப்பட்டவை சட்டத்தில் ஒன்றுசேர 76 ஆண்டுகள் ஆயின. அவ்விடைவெளியில் மணவாழ்வில் நீடித்த பெண்ணின் மௌனத்தை இசைவாகக் கொள்வது பொருந்தாது. முறித்துக்கொள்ளும் உரிமை மட்டும் வந்து, சென்று தங்குவதற்கான இடம் உறுதிப்படாத நிலையில் அவள் நீடித்தாள் என்பதே வரலாறு காட்டும் உண்மையாகும்.