சப்பாத்திக்கள்ளியைத் தின்ற பூச்சி



கோடை விடுமுறைக்குக் கோவையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பேரப்பிள்ளைகளோடு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்தை ஒரு நாள் பார்த்து வந்தோம். 2018இல் திறந்தது. கண்ணாடிக்குள் வரிசை வரிசையாக வண்டுகள், வண்ணத்துப்பூச்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு. எட்டு வயதுப் பேரன் கேட்டான்: "தாத்தா, செத்த பூச்சிக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பேரு?"

நல்ல கேள்வி. அதற்கான பதில் நம் தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றிலேயே இருக்கிறது. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் எழுதுகிறேன்.

மெக்சிகோ நாட்டில் கள்ளிச்செடியில் ஒட்டி வாழும் ஒரு சின்னப் பூச்சி உண்டு. கொச்சினீல் என்பார்கள். பெண் பூச்சியைக் காயவைத்துப் பொடித்தால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். நம் பக்கத்தில் சிவப்புக்குச் சாயவேரைத் தோண்டினோம். ஐரோப்பாவில் இந்தப் பூச்சியைத் தேடினார்கள். ஆங்கிலேயப் படை அதிகாரிகளின் செஞ்சட்டைக்கும் இதுதான் சாயம். ஆனால் வியாபாரம் முழுவதும் ஸ்பெயின்காரர் கையில் இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதில் ஒரு கண். சென்னையில் இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர், 1786இல் புல்லில் கண்ட ஒரு பூச்சியைக் கொச்சினீல் என்று நம்பி, லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அது வேறு பூச்சி. இருந்தாலும் முயற்சி நிற்கவில்லை. பூச்சி வந்தால் வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். 1795இல் நீல்சன் என்ற கப்பல் கேப்டன் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவிலிருந்து கள்ளியோடு பூச்சியையும் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. அதுவும் அசல் இல்லை, அசலின் காட்டு உறவு. சாயம் மட்டமாக இருந்தது, வியாபாரம் படுத்துவிட்டது.

சாயம் தராவிட்டாலும் பூச்சி சும்மா இருக்கவில்லை, கள்ளியைத் தின்றது. 1836 முதல் 1838 வரை தென் மாவட்டங்களில் ஒரு வகைக் கள்ளியை அநேகமாக அழித்தே விட்டது. ஆனால் அந்த ஒரு வகையை மட்டும்தான். மஞ்சள் பூவும் நீண்ட முள்ளும் உள்ள மற்றொரு சப்பாத்திக்கள்ளியை அது தொடவில்லை. மனிதர் கண்ணுக்கு இரண்டும் கள்ளிதான். பூச்சிக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது.

தப்பிய அந்தக் கள்ளிதான் பிற்பாடு மேய்ச்சல் நிலம், தரிசு, ஊர் ஓரம் என்று எங்கும் பரவியது. வெட்டிப்போட்டால், விழுந்த மடல் ஒவ்வொன்றும் வேர்விட்டுத் தனிச்செடி ஆகிவிடும். "கள்ளிக்காட்டுக்குள்ள போன ஆட்டைத் தேடி யாரும் போகமாட்டோம், அவ்வளவு பாம்பு" என்று என் ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். நல்லதும் செய்தது என்பதையும் சொல்லவேண்டும். தோட்டத்துக்கு வேலியாக நின்றது. பஞ்ச காலத்தில் முள்ளைச் சுட்டுப் பொசுக்கி மடலை மாட்டுக்குப் போட்டார்கள். பழத்தைத் தின்று வாய் சிவந்த பிள்ளைகள் எல்லாத் தலைமுறையிலும் உண்டு.

இதே கள்ளிப் பிரச்சினை ஆஸ்திரேலியாவில் இன்னும் பெரிதாக இருந்தது. எந்தக் கள்ளியை எந்தப் பூச்சி தின்னும் என்று அங்குள்ளவர்கள் நாடு நாடாகப் போய்த் தேடி, வகை வகையாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த ஒரு கொச்சினீல் இனம் 1924இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கும், 1926இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கும் வந்தது. இந்த முறை செடிக்கு ஏற்ற பூச்சி. சில ஆண்டுகளுக்குள் கள்ளிக்காடுகள் பரப்புப் பரப்பாக வாடி விழுந்தன. இந்தப் பூச்சி கள்ளியைத் தவிர வேறு எதையும் தின்னாது. கள்ளியோ நம் மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த செடி. அதனால் பயிர்பச்சைக்குச் சேதம் இல்லை. வேலி போனவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நஷ்டம்.

1795க்கும் 1926க்கும் இடையில் 131 ஆண்டுகள். இரண்டு பூச்சியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்: மடலில் ஒட்டிய வெள்ளைப் பஞ்சு, நசுக்கினால் இரத்தச் சிவப்பு. பெயரைச் சரியாகப் பிரித்து அறியாதவரை கம்பெனியின் பணமும் வீண், நம் நிலமும் வீண். பிரித்து அறிந்ததும் மனிதன் அரிவாளால் முடியாததை ஒரு பூச்சி முடித்தது. அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி, சீட்டு எழுதி வைத்திருப்பது வேடிக்கைக்கு அல்ல. நாளை வயலில் புதிதாக ஒரு பூச்சி வந்தால், இது எது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான பதிவேடு அது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அன்று கள்ளித் தோட்டம் போட்ட அதே சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளிதான், 1906 வாக்கில் கோவைக்கு மாறி, 1971இல் பல்கலைக்கழகம் ஆயிற்று.

நம் கரைப் பிள்ளைகளுக்குச் சீலா எது, பாறை எது, விளமீன் எது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. முத்துச்சிப்பிக்கும் மற்றச் சிப்பிக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் நம் பாட்டன்மார். வீட்டு வாசலில் ஊரும் பூச்சியின் பெயரும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். கோவைப் பக்கம் போனால் விடுமுறை நாளைக் கேட்டுக்கொண்டு கூட்டிப் போங்கள். முடியாதவர்கள் ஊர் ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு ஒட்டிய சப்பாத்திக்கள்ளியைக் கண்டால், ஒரு குச்சியால் தேய்த்துக் காட்டுங்கள். முள் கவனம்.

இந்தப் பூச்சிக்கு உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வைத்திருந்த பெயர் ஏதாவது உண்டா? கேட்டு, ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். நோட்டில் குறித்துவைக்கக் காத்திருக்கிறேன்.