தண்ணீர்ப் பானையும் விதிப் புத்தகமும்

1918இல் அண்ணல் அம்பேத்கர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். கொலம்பியாவில் படித்தவர்தான். ஆனாலும் ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் எடுப்பதைச் சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். பட்டம் சாதியைக் கரைக்கவில்லை.

2007இல் தோரட் குழு, டெல்லி எய்ம்ஸில் நம் மாணவர்கள் வகுப்பிலும் விடுதியிலும் ஒதுக்கப்படுவதைப் பதிவு செய்தது. 2012இல் யுஜிசி, ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் வேண்டும் என்று விதி செய்தது. விதி ஏட்டில் தூங்கியது. 2016இல் ரோகித் வெமுலாவையும் 2019இல் ஆதிவாசி மருத்துவர் பாயல் தத்வியையும் இழந்தோம். அந்த விதியை நடைமுறைப்படுத்தக் கோரி உச்ச நீதிமன்றம் சென்றவர்கள் அவர்களைப் பெற்ற தாய்மார்களே.

இடஒதுக்கீடு நம்மை வாசலுக்குள் கொண்டுவந்தது. உள்ளே மரியாதையோடு படிக்கும் உரிமையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். தோழர்களே, உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார்? தெரியாவிட்டால், நாளையே கேட்போம்.