டில்பர்க் முறை

கம்பளி ஆலைகளால் வளர்ந்த டில்பர்க் நகரத்தில் 1960களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நெதர்லாந்து நகராட்சிகள் தாமே வசூலிக்கும் வரி சொற்பம். 1929ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நகராட்சி நிதியமும் மைய அரசின் மானியங்களுமே அவற்றின் பெரும்பகுதி வருவாய். 1980களின் தொடக்கத்தில் மைய அரசு செலவைச் சுருக்கியதும் டில்பர்க்கின் நெருக்கடி முற்றியது.

அந்தப் பத்தாண்டின் நடுவில் நகராட்சி தன் நிர்வாகத்தை ஒரு தொழில் குழுமத்தைப் போலத் திருத்தி அமைத்தது. ஆள், பணம் இரண்டின் பொறுப்பும் துறைத் தலைவர்களிடம் போனது. எதை, எவ்வளவு செலவில் செய்து தருவோம் என்று அவர்கள் ஒப்பந்தம் எழுதி, ஆண்டின் இடையிடையே அறிக்கை தர வேண்டும். சம்பளம், வாடகை, எழுதுபொருள் என்று தலைப்பிட்ட பட்ஜெட், பூங்காப் பராமரிப்பு, குப்பை அகற்றல் என்ற சேவைப் பட்டியலாக மாறியது. இது நடக்க, ஒவ்வொரு சேவைக்கும் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று தெரிய வேண்டும். பணம் கைமாறிய நாளை விட்டு, செலவு எந்த ஆண்டைச் சேர்ந்ததோ அந்த ஆண்டில் எழுதி, கட்டடத் தேய்மானத்தையும் சேர்க்கும் கணக்கு முறை அக்காலத்தில் நகராட்சிகளில் நிலைபெற்றது. மைய அரசின் அமைச்சகங்களோ பழைய ரொக்கக் கணக்கை விடவில்லை.

உள்துறை அமைச்சகம் 1987 முதல் 1995 வரை நடத்திய திட்டம் இத்தகைய கருவிகளை நாடெங்கும் பரப்பியது. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மன் நகராட்சிகளும் டில்பர்க்கைப் பார்த்துத் தம் சீர்திருத்தத்தை வகுத்தன.

ஆனால் இதனால் பலன் கண்டவர்கள் அதிகாரிகளே. நூற்றுக்கணக்கான சேவைகளின் பட்டியல் நகர்மன்ற உறுப்பினருக்குப் புரியும் வடிவில் இல்லை. போதாததற்கு, மேயர் நீங்கலாக நிர்வாகக் குழுவினர் அப்போது மன்றத்திலும் உறுப்பினர்கள். தம்மைத் தாமே கண்காணிக்கும் ஏற்பாடு அது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரு பதவிகளையும் பிரித்தது. 2004 முதல் பட்ஜெட் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: எதை அடைய விரும்புகிறோம், அதற்கு என்ன செய்வோம், எவ்வளவு செலவாகும். 2006 முதல் உள்ளூர்த் தணிக்கை அமைப்பும் கட்டாயமானது.

டில்பர்க்குக்கே இந்த மாற்றங்கள் போதவில்லை. ஓர் அரங்கின் சீரமைப்புச் செலவு எகிறியதை மன்றத்துக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை என்ற சர்ச்சையில் 2009இல் அதன் மேயர் பதவி விலகினார்.

உபரிப் பணத்தைக் கையாள்வதில் கட்டுப்பாடு தனியாக வந்தது. தென் ஹாலந்து மாகாணம் கடன் கொடுத்திருந்த செட்டெகோ வணிக நிறுவனம் 1999இல் திவாலானது, 4.75 கோடி கில்டர் சிக்கியது. பொதுநலப் பணி தவிர வேறெதற்கும் கடன் கொடுப்பதை 2001ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2008இல் ஐஸ்லாந்து வங்கிகள் சரிந்தபோது அங்கே வட ஹாலந்து மாகாணம் போட்டிருந்த வைப்புத்தொகை முடங்கியது. 2013 இறுதியிலிருந்து மாகாணங்களும் நகராட்சிகளும் உபரிப் பணத்தை மைய அரசின் கருவூலத்தில்தான் வைக்கின்றன.