மணி ஒலித்த பின்னர்

பள்ளியின் பதிவேடுகள் மாணவனின் வருகையையும் மதிப்பெண்ணையும் நன்கு அறியும். மாலை மணி ஒலித்த பின்னர் அவன் யாரோடு நடந்தான், யாரால் ஒதுக்கப்பட்டான், யாருடைய சொல்லுக்கு அஞ்சினான் என்பவை எப்பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வளரிளம் பருவத்தினரின் குணம் பெரும்பாலும் இந்த ஏட்டில் ஏறாத பொழுதில்தான் உருவாகின்றது. அப்பொழுதைக் கருத்தூன்றிப் படித்தவர் புனித தொன் போஸ்கோ. அவரது வரலாற்றை அவர் நிறுவிய பள்ளிகளின் வரலாறாகவே நாம் வாசிக்கிறோம். ஆனால் அது தொடங்கியது பள்ளிக்கு வெளியே.

1841 ஜூன் 5ஆம் நாள் குருப்பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டே இன்றைய இத்தாலியின் தூரின் நகருக்கு வந்தார். நாட்டுப்புறத்தினின்று பிழைப்புத் தேடி வந்த சிறுவர்கள் அங்கே கொத்தனாருக்குச் சித்தாளாகவும், புகைபோக்கி துடைப்போராகவும் உழைத்தனர். அருள்தந்தை யோசேப் கஃபாசோவின் வழிகாட்டலில் சிறைகளுக்குச் சென்ற தொன் போஸ்கோ, விடுதலையான இளைஞர் பலர் மீண்டும் சிறைக்கே திரும்புவதைக் கண்டார். வெளியே அவர்களுக்கு நல்ல நண்பர் ஒருவரும் இல்லாமையே காரணம் என உணர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 8 அன்று பார்த்தலோமேயு கரெல்லி என்னும் அநாதைச் சிறுவனோடு தொடங்கிய ஞாயிறு கூட்டம், சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோராய்ப் பெருகியது. கூச்சல் பொறாத அண்டை வீட்டார் முறையிட, கூட்டம் இடம் விட்டு இடம் பெயர்ந்தது. 1846 ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறன்றுதான் வால்டோக்கோவில் பினார்தி என்பவரின் கொட்டகை அதற்கு நிலையான இடமாயிற்று.

இத்தனை இளைஞர் ஒன்றுகூடுவதில் நகரத் தலைமை அதிகாரி மிக்கேல் கவூர் கலகத்தின் வித்தைக் கண்டார். காவலரை அனுப்பிக் கண்காணித்தார். தொன் போஸ்கோ தம் நினைவுக் குறிப்புகளில் இதனை எழுதியுள்ளார். ஒரே கூட்டத்தை இருவர் நோக்கினர். ஒருவர் ஓரத்தில் ஆள் நிறுத்தி ஆபத்தைத் தேடினார். மற்றவர் ஆட்டத்துள் இறங்கிப் பெயர்களை அறிந்தார். வார நாள்களில் சிறுவர் உழைத்த இடங்களுக்கே சென்று அவர்களைக் கண்டார். 1852இல் தச்சுத் தொழில் பயின்ற ஒருவனுக்காக அவனுடைய முதலாளியை எழுத்து ஒப்பந்தத்துக்கு உட்படுத்தினார்.

1859இல் தோன்றிய சலேசிய சபை விரைந்து வளர்ந்தது. வால்டோக்கோ பெரும் நிறுவனமாயிற்று. அவ்வேளையில்தான், 1884 மே 10 தேதியிட்டு, உரோமையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முதியவரான தொன் போஸ்கோ அதில் ஒரு கனவை விவரித்தார். கடிதம் எடுத்துக்கொண்ட பொருள் பாட வேளையன்று, விளையாட்டு வேளை. பழைய முற்றத்தில் குருக்களும் சிறுவரும் ஒன்றாய் ஓடி ஆடினர். புதிய முற்றத்திலோ பலர் சோர்ந்து தூண்களில் சாய்ந்து நின்றனர். சிலர் மறைவாகப் பேசினர். பெரியவர்கள் தமக்குள் உரையாடினர், அல்லது தொலைவில் நின்று பார்த்தனர். நம் அன்பு பிள்ளைகளுக்குப் புலப்படாதவரை அவர்கள் நம்மிடம் மனம் திறவார் என்பதே அக்கடிதத்தின் சாரம்.

1906 ஜனவரியில் சலேசியர் தஞ்சைக்கு வந்தனர். ஜவ்வாது மலைக்கு மேற்கே, திருப்பத்தூரில், 1951இல் தூய நெஞ்சக் கல்லூரியை நிறுவினர். மலையின் இப்புறத்து அடிவாரத்தில் உள்ள நம் சந்தவாசலின் மாலைப் பொழுதையும் அக்கடிதத்தின் ஒளியில் காண்போம். பேருந்துக்காகக் காத்திருக்கையில் ஒரே கைப்பேசியின்மேல் நான்கு தலைகள் கவிழ்கின்றன. மலையூர்ப் பிள்ளைகள் சற்றே விலகி நிற்கின்றனர். சிறுமியரோ பேருந்து வரும் திசையையே நோக்கி நிற்கின்றனர்; ஓடியாட அவர்களுக்கு முற்றமே இல்லை. டீக்கடை பெஞ்சிலிருந்து ஊர் பார்க்கின்றது, குறை கூறுகின்றது, எழுந்து போகின்றது.

இதனைச் சிறு காரியம் என எண்ண வேண்டா. 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் எனப் பிடிபட்டோருள் அவர் பள்ளி மாணவர்களே இருந்தனர். அதன்பின் தமிழக அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியை அடையாளம் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டுவதைத் தடைசெய்ய அது பரிந்துரைத்தது. தடை வேண்டியதே. ஆயினும் கயிற்றை அறுப்பதற்குச் சட்டம் போதும். அதைக் கட்டிக்கொள்ளும் முன்பே அச்சிறுவனின் தனிமையை அறிய, அவன் நிற்கும் இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

இதற்குப் பெருந்திட்டம் தேவையில்லை. ஒரு பந்து, சிறுமியருக்கும் உரிய ஒரு திடல், பேருந்து வரும்வரை அரை மணி நேரம், முறைவைத்து உடனிருக்கப் பெற்றோர், ஆசிரியர், குருக்களுள் இருவர் போதும். முதல் சில நாள்கள் பிள்ளைகள் ஐயத்தோடு பார்ப்பர், பேச்சை நிறுத்திக்கொள்வர். பொறுத்திருப்போம். பின்னொரு நாள், விலகி நிற்கும் அந்த மலையூர்ச் சிறுவனே பந்தைக் கேட்டு வருவான்.